பதினொரு பாகையில் பூட்டிய ஜெட்

பட்டறையில் கடைசியாகக் கார்புரேட்டர் ஒன்றைத் திறந்து எட்டு மாதமாகிறது என்று போன மாதம் ஜெசிந்தா தொலைபேசியில் சொன்னாள்.

"இப்ப வாறதெல்லாம் பற்றறி சைக்கிளும் பற்றறி புல்வெட்டியும்தான், குலம் அண்ணை. புதுசா வந்த ரெண்டு பேரும் கார்புரேட்டரைப் படத்திலதான் பாத்திருக்கினம். பட்டறைக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறம். உங்கட டயரியளில இருந்து ஒரு வேலையை எழுதித் தாங்கோ."

"எதை எழுத? அந்த ஐஸ்கிறீம் வானை எழுதட்டோ?"

"ஐயோ வேண்டாம். நீங்கள் பெருமைப்பட்ட வேலையெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். பிழைச்ச ஒண்டை எழுதுங்கோ."

எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இருவரும் அதன் பெயரைச் சொல்லாமலே போனை வைத்தோம்.

சவுத்தாலின் பெரிய வீதிக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். புல்வெட்டி, ஜெனரேட்டர், மொப்பெட், படகு மோட்டார் என்று சின்ன இயந்திரம் எதுவாக இருந்தாலும் எடுப்போம். ஐம்பத்தேழு வயதில் வலது மணிக்கட்டு இனி ஏலாது என்று சொல்லிவிட்டது. அரிசி மணி அளவான பித்தளைத் துண்டை இரண்டு விரலால் பிடித்துத் துளைக்குள் வைக்கிற வேலை அது. விரல் நடுங்கத் தொடங்கினால் விலகிக்கொள்வதுதான் மரியாதை. என்னிடம் மிச்சமாக இருப்பவை பத்தொன்பது கொப்பிகள். ஒவ்வொரு வேலைக்கும் அரைப்பக்கம்: வந்த பொருள், குறை, கழற்றியது, பூட்டியது, எத்தனை சுற்று, எந்த எண்.

வேலை பழகியது யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக் காலத்தில். அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காது. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்துப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஒரு கரண்டி பெற்றோலில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் எங்கள் தொழில். எரிபொருள் போகிற துளையை எவ்வளவு சிறிதாக்கலாமோ அவ்வளவு சிறிதாக்குவோம். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்க்கும்போது அது கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் அந்த மெக்கானிக்குக்கு வெட்கக்கேடு. யாரோ ஒருவருடைய பெற்றோலை அவன் புகையாக்கிவிட்டான் என்று அர்த்தம். அந்த ஏழு வருடத்தில் என் தலை கற்றதைவிட என் கை கற்றது அதிகம்.

லண்டனுக்கு வந்து, சவுத்தால் பட்டறையில் சேர்ந்தபோது அதன் உரிமையாளர் மன்னாரைச் சேர்ந்த ஒருவர். நான்கு வருடத்தில் அவர் இதய நோயால் ஒதுங்க, மகள் ஜெசிந்தா பொறுப்பெடுத்தாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது, எனக்கு முப்பத்தொன்பது. பொறியியல் படித்த பெண். "இந்தப் பிள்ளைக்குக் கீழ வேலை செய்யிறதோ?" என்று ஒரு கிழமை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவள் அதைக் கண்டுகொள்ளவேயில்லை.

அவளுடைய முறை தனி. சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. வாடிக்கையாளருக்கு முன்னால் எங்களைத் திருத்தவும் மாட்டாள். சந்தேகம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பாள். பிறகு ஒரு கேள்வி கேட்பாள். ஒரே ஒரு கேள்விதான். நீங்கள் பதில் சொன்னதும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுவாள். பதில் சரியா பிழையா என்று சொல்ல மாட்டாள். அந்தக் கேள்வி உங்களுடன் அன்று முழுக்க இருக்கும். காலையில் எட்டு மணிக்குக் கதவு திறந்ததும் வருகிற இரண்டு-ஸ்ட்ரோக் எண்ணெய் மணம், பக்கத்துக் கடையிலிருந்து வரும் இஞ்சித் தேநீர், அவளுடைய கண்ணாடி மேசையில் படும் சின்னச் சத்தம். வேலையை விட்ட பிறகு நான் அதிகம் தேடுவது இந்த மூன்றையும்தான்.

இனி அந்த ஸ்னோமொபைல், பனியில் ஓட்டுகிற வண்டி.

ரெய்னர்ஸ் லேனில் இருந்து மனோகரன் என்பவர் ஒரு ஜனவரிக் காலையில் அதை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் ரப்பர் பட்டி, நடுவில் மோட்டார் சைக்கிள் போன்ற இருக்கை. சவுத்தாலில் அப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை. தேநீர்க் கடைக்காரர் கையில் கரண்டியோடு வந்து நின்று பார்த்தார்.

மனோகரன் அகதியாக நோர்வேக்குப் போய், அந்த நாட்டின் வடக்கு முனையில் ஒரு மீன் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் வேலை செய்தவர். பிள்ளைகள் தமிழ் ஆட்களோடு வளர வேண்டும் என்று லண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது வீட்டுச் சாமானோடு சாமானாக இதையும் லொறியில் ஏற்றிவிட்டார்.

"மனிசி இண்டைக்கும் திட்டுவா, அண்ணை. ஒன்பது வருசமா கராஜுக்குள்ள கட்டில் விரிப்பு மூடிப் படுத்திருக்குது. எங்கட கார் ஒன்பது வருசமா றோட்டில நனையுது."

"இப்ப என்ன, விக்கப் போறியளோ?"

"இல்லை. அண்ணரிட்டைக் கொண்டுபோறன்."

அவருடைய அண்ணர் சந்திரன் இன்னமும் அங்கேதான், அதே தொழிற்சாலையில். இரண்டு சகோதரர்களும் வாலிப வயதில் ஓர் ஏரியின் மறுகரையில் பலகைக் குடில் ஒன்றைத் தங்கள் கையால் கட்டியிருந்தார்கள். குளிர்காலத்தில் உறைந்த ஏரியைக் கடந்து போய்ப் பனியில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். சந்திரனுக்கு முழங்காலில் இரண்டு சத்திரசிகிச்சை ஆகிவிட்டது. சறுக்கிப் போக முடியாது, நடக்கவும் முடியாது. மூன்று குளிர்காலமாக அவர் குடிலைக் காணவில்லை.

"பதினெட்டுக் கிலோமீற்றர். போற வழியில மரமும் இல்லை, மனிசரும் இல்லை. இது நடுவில நிண்டா நான் நடப்பன். அவரால ஏலாது. அதுதான் உங்களிட்டைக் கொண்டு வந்தனான்."

இதைக் கேட்டபோது ஜெசிந்தா வாசலில் நின்றாள். கண்ணாடியைக் கழற்றினாள். "அங்க குளிர் எவ்வளவு வரும் எண்டு கேட்டனீங்களோ, அண்ணை?" என்று தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டாள்.

"அதெல்லாம் நான் பாத்துச் செய்வன், பிள்ளை" என்றேன். கேட்கவில்லை.

இயந்திரத்துக்கு இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்க ஒரு கார்புரேட்டர். ஒன்பது வருடம் உள்ளே நின்ற பெற்றோல் காய்ந்து பச்சையும் வெள்ளையுமாகப் படிந்திருந்தது. ஒன்றில் மிதவைக் கிண்ணம் வெடித்து, உடல் உப்பரித்துப் போயிருந்தது. சுத்தம் செய்து மீட்க முடியாது. அதே அளவான வேறொரு சோடியை ஸ்கொட்லாந்தில் பழைய இயந்திரங்களை உடைத்து விற்கும் ஒருவரிடமிருந்து எடுத்தோம்.

மாற்றும் வேலை மூன்று நாள் எடுத்தது. அந்த நாட்களின் பக்கங்களை நான் இன்றைக்கும் ஆசையோடு வாசிப்பேன். முதல் நாள், பழைய சோடியைக் கழற்றி ஒவ்வொரு உறுப்பின் எண்ணையும் எழுதினேன். பிரதான ஜெட் 240. முழு வேகத்தில் எவ்வளவு பெற்றோல் போகும் என்பதை இந்தப் பித்தளைத் துண்டின் துளைதான் தீர்மானிக்கும். எண் பெரிதானால் துளையும் பெரிது. புதிய சோடியில் 220 இருந்தது. கொப்பியில் 240க்குப் பக்கத்தில் நான் எழுதியிருப்பது இது: "யாரோ தாராளமாக விட்டிருக்கிறார்."

இரண்டாம் நாள், மிதவைகளின் உயரத்தைச் சரி பார்த்து, எஞ்சினோடு இணைக்கும் ரப்பர்க் குழாய்களில் வெடிப்பு இல்லை என்று விளக்கு வெளிச்சத்தில் வளைத்து வளைத்துப் பார்த்துப் பூட்டினேன். இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே கணத்தில் திறக்க வேண்டும். ஒன்று முந்தினால் ஒரு சிலிண்டர் மற்றதைச் சுமக்கும். ஒரே தடிப்பான இரண்டு துளைக்கருவி ஊசிகளை இரண்டு வாய்களிலும் செருகி, பெருவிரலால் அக்சிலேற்றரை மெல்ல அழுத்தினால் இரண்டும் ஒன்றாக விழ வேண்டும். டக், டக் என்று இரண்டு சத்தம் கேட்டால் கேபிளைத் திருத்தவேண்டும். பதினேழாவது தடவை ஒரே சத்தமாகக் கேட்டது. ஜெசிந்தா அந்தப் பக்கத்தில் இருந்து நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் முற்றத்துக்குக் கொண்டுபோய், பின்பக்கத்தைத் தூக்கித் தாங்கியில் நிறுத்தினோம். பட்டி காற்றில் சுழலும். பனி இல்லாததால் அது ஓடும் பிளாஸ்டிக் தண்டுகள் சூடேறும். ஆகவே பூவாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தோம். வீதியால் போனவர்கள் எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிவிட்டார்கள்.

"சிங், தண்ணி ஊத்தினா வளருமோ?" என்று தேநீர்க் கடைக்காரரிடம் ஒருவர் கேட்டார். அவர் என்னைக் காட்டி, "கேளுங்கள், அவர்தான் தோட்டக்காரர்" என்றார்.

பத்து நிமிடம் ஓட்டி நிறுத்திப் பிளக்குகளைக் கழற்றினேன். இரண்டும் கறுப்பு.

இங்கேதான் நான் பிழைத்தேன். கறுப்பைக் கண்டதும் என் கை தானாகவே ஜெட் பெட்டிக்குப் போனது. 220ஐக் கழற்றி 210ஐப் போட்டேன். திரும்ப ஓட்டினேன். பிளக் இரண்டும் பால் ஊற்றிய தேநீர் நிறம். எஞ்சின் பாடியது என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைய பக்கத்தில் "முற்றத்தில் 11 பாகை. 210. மிக நேர்த்தி" என்று எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன். அடிக்கோடு இடுவது என் வழக்கமில்லை.

மனோகரன் வந்து, ஒருதரம் ஓட்டிக் காட்டச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார். "அண்ணை, வாங்கேக்கையும் இது இப்பிடி ஓடேல்லை" என்றார். பெப்ரவரி முதல் கிழமை அதை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வடக்கே புறப்பட்டார். ஐந்து நாள் பயணம்.

அவர் போன ஆறாம் நாள், வியாழக்கிழமை, சவுத்தாலில் உறைபனி. முற்றத்தில் மூன்று பாகை பூச்சியத்துக்குக் கீழே. காலை ஒன்பது மணிக்குச் சாப்பாடு விநியோகிக்கும் ஒருவர் தன் பழைய மொப்பெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு கிழமைக்கு முன் நான் சரிசெய்து கொடுத்தது. அக்சிலேற்றரைத் திருகினால் இருமியது, திணறியது, நின்றது.

குறை உடனே தெரிந்தது. குளிர்ந்த காற்று கனமானது. அதே துளையால் அதே அளவு பெற்றோல்தான் வரும். ஆனால் காற்று கூடிவிடும். பெற்றோல் போதாது. இது பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம், எனக்குத் தெரியாததல்ல. மொப்பெட்டுக்கு ஒரு எண் பெரிய ஜெட்டைக் கையில் எடுத்தேன். எடுத்தபடியே நின்றேன். வெறும் மூன்று பாகைக்கே இது இருமுகிறது.

அந்த ஸ்னோமொபைல் இருமியிருந்தால் பரவாயில்லை. இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெற்றோலோடு கலந்துதான் எண்ணெயும் போகும். பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், குளிர்ச்சியும் குறையும். பிஸ்டன் சூடேறி வீங்கிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அதற்கு முன்பு எந்த எச்சரிக்கையும் இராது. மாறாக, மிக அருமையாக ஓடும்.

ஜெசிந்தாவிடம் போனேன். கையில் அந்த ஜெட் அப்படியே இருந்தது.

"பிள்ளை, மனோகரன்ர மெஷின். நான் 210 போட்டு விட்டன்."

"பழசில எவ்வளவு இருந்தது?"

"240."

அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை. பணிக்கோப்பை இழுத்து எடுத்து, எண்ணைத் தேடி, போனை என் பக்கம் தள்ளினாள். "அடியுங்கோ."

மனோகரனின் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை. மூன்று தடவை. கோப்பில் அண்ணரின் வீட்டு எண்ணும் இருந்தது. அதை எடுத்தவர் சந்திரனின் மனைவி வதனி.

"ஓம், மனோ நேற்றுப் பின்னேரம் வந்திட்டார். அவற்ற போன் இஞ்ச மேசையில கிடந்து கத்துது. அது நீங்களோ?"

"அவையள் எங்க, அக்கா?"

"ஏரிக்கரைக்குப் போயிட்டினம். ஸ்கூட்டரை அதில ஒருக்கா ஓடிப் பாத்திட்டு அப்பிடியே குடிலுக்குப் போகினம். நாலு நாளைக்குச் சாப்பாடும் கட்டிக் குடுத்துவிட்டன்." அங்கே இந்த வண்டியை ஸ்கூட்டர் என்றுதான் சொல்வார்கள்.

"அங்க இப்ப குளிர் எவ்வளவு?"

"ஜன்னல்ல இருபத்தாறு காட்டுது. பூச்சியத்துக்குக் கீழ."

"இருபத்தாறாம்" என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். ஜெசிந்தா போனை ஸ்பீக்கரில் போட்டாள். "அக்கா, நான் பட்டறையில இருந்து ஜெசிந்தா. அவையள் ஏரிக்குள்ள இறங்கக்கூடாது. எப்பிடியாவது மறிக்க ஏலுமோ?"

வதனி ஏன் என்று கேட்கவில்லை. "கரை ஒரு கிலோமீற்றர். மனோவின்ர போனையும் எடுத்துக்கொண்டு சறுக்குவண்டியில போறன்" என்றார். கதிரையின் கீழே நீண்ட இரண்டு இரும்புத் தண்டு பூட்டி, பின்னால் நின்று காலால் உதைத்துப் போகிற வண்டியாம் அது. பிறகு மனோகரன் சொல்லித்தான் அறிந்தேன். கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்தது.

முப்பத்தைந்து நிமிடம். தேநீர் வந்தது, ஆறியது. மொப்பெட்காரர் வாசலில் நின்று ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அவருக்குத் தானே ஜெட் மாற்றிக் கொடுத்தாள். அன்றைக்கு என்னிடம் ஒரு திருகாணியைக்கூடத் தரவில்லை. நான் நினைத்ததெல்லாம் அந்தப் பதினெட்டுக் கிலோமீற்றரில் எந்தக் கிலோமீற்றரில் அது நிற்கும் என்பதுதான். ஒன்பதாவதில் நின்றால் இரண்டு பக்கமும் ஒரே தூரம்.

போன் அடித்தது. மனோகரன்.

"என்ன அண்ணை, அண்ணி மூச்சு வாங்க ஓடி வாறா! ஆர் செத்தது எண்டு நினைச்சிட்டன்."

"நீங்கள் ஏரிக்குள்ள இறங்கேல்லையோ?"

"எங்க இறங்க விட்டவர்? சந்திரண்ணை கரையில பழைய சிநேகிதனைக் கண்டு அரை மணித்தியாலமா மீன் கதை. நான் மட்டும் கரை நீட்டுக்கு ஓடித் திரிஞ்சனான்."

"என்ன மாதிரி ஓடிச்சுது?"

"அருமை, அண்ணை! கத்தி மாதிரி!"

இந்தப் பாராட்டைப்போல என்னைப் பயமுறுத்தியது வேறொன்றுமில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அந்தக் குளிருக்கு ஒரு சின்ன மாற்றம் செய்ய வேணும். அதுக்குத்தான் எடுத்தனான்" என்றேன். ஜெசிந்தா என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு கோப்பை மூடினாள்.

வண்டியைச் சந்திரனின் கொட்டகைக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். பெரிய ஜெட் அவர்களிடம் இல்லை. அந்த ஊரில் வாங்கவும் கடை இல்லை. வரவழைக்கப் பத்து நாள் ஆகும். மனோகரன் அங்கே நிற்கக்கூடியது ஒரு கிழமைதான். கையில் இருப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

கார்புரேட்டரில் ஒவ்வொரு வேகத்துக்கும் ஓர் உறுப்பு பொறுப்பு. முழு வேகத்துக்கு ஜெட். அரைவாசி வேகத்துக்கு அதன் நடுவில் தொங்கும் ஊசி. ஊசியின் தலையில் ஐந்து பள்ளம் இருக்கும். ஒன்றில் ஒரு சின்னக் கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினால் ஊசி மேலே உயரும், பெற்றோல் கூடும். ஆகவே ஊசியை உயர்த்திவிட்டு, அரை வேகத்துக்கு மேல் போகாமல் தடுத்துவிட்டால், பிழையான ஜெட்டின் கையில் எஞ்சின் சிக்காது.

போனைக் கொட்டகை மேசையில் வைத்தார்கள். முதலில் பிளக்கைக் கழற்றச் சொன்னேன்.

"என்ன நிறம்?"

"வெள்ளை. சுண்ணாம்பு மாதிரி." சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

"அந்த ரெண்டையும் எறியாதேங்கோ. புதுசு போடுங்கோ. இப்ப மூடியைக் கழற்றி ஊசியை வெளிய எடுக்க வேணும். ஆற்ற கை நிதானம்?"

"என்ர கைதான்" என்று சந்திரனின் குரல் முதல்தடவையாகக் கேட்டது. ஆறுதலான, கரகரத்த குரல். "இருபத்தஞ்சு வருசமா மீன்ல முள்ளு எடுக்கிறன், தம்பி. சொல்லும்."

"கிளிப் அரைவாசி அரிசி அளவுதான் இருக்கும், அண்ணை. பாஞ்சால் கிடைக்காது. கீழ ஒரு தட்டு வையுங்கோ."

"வதனி! தட்டொண்டு கொண்டுவாரும்!"

சிறிது நேரம். பாத்திரச் சத்தம். "இடியப்பத் தட்டுத்தான் கையில கிடைச்சது" என்றார் வதனி.

"அது வேண்டாம், அக்கா. ஓட்டையுக்குள்ளால போயிடும்."

மூவரும் சிரித்தார்கள். அங்கே சிரிப்பதைக் கேட்டு ஜெசிந்தாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வலது பக்க ஊசி ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இடது பக்கத்தில் கிளிப் பாய்ந்தது. வதனி மாற்றிக் கொண்டுவந்த கேக் தட்டில் கிணுங்கென்று விழுந்தது. "இருக்கு, இருக்கு" என்றார் சந்திரன், மீன் முள்ளைக் கண்டவர்போல. பிறகு காற்றுத் திருகாணியை அரைச் சுற்று உள்ளே திருகச் சொன்னேன். கடைசியாக, அக்சிலேற்றர் நெம்புகோலுக்குக் கீழே ஒரு மரத்துண்டைச் சீவி வைத்து நாடாவால் சுற்றி, அது அரைவாசிக்கு மேல் அழுந்தாமல் செய்வித்தேன்.

அன்று மத்தியானம் கரை நீளத்துக்கு மூன்று தடவை ஓட்டி, மூன்று தடவையும் பிளக்கைக் கழற்றி நிறம் சொன்னார்கள். மூன்றாம் தடவை கோப்பி நிறம். அடுத்த நாள் காலை புறப்பட்டார்கள். மூன்று இரவு குடிலில் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டதாக திங்கட்கிழமை செய்தி வந்தது. கூடவே ஒரு படம்: பனியில் ஒரு துளை, அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் சந்திரன், காலை நீட்டியபடி.

இரண்டு கிழமைக்குப் பிறகு மனோகரன் பட்டறைக்கு வந்தார். வண்டியை அண்ணரிடம் விட்டுவிட்டார். கையில் கடதாசியில் சுற்றிய, முழங்கை நீளமான காய்ந்த மீன். பட்டறை முழுக்க மணந்தது.

"ரெண்டு நாள் தண்ணியில ஊறப்போட வேணும், அண்ணை. எங்கட கருவாடு மாதிரி அவசரப்படக்கூடாது. அண்ணி தந்துவிட்டவ." பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து, "இவர் இல்லையெண்டா எங்கட அண்ணை இந்த வருசமும் ஜன்னலால ஏரியைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பார். ரெண்டாயிரம் மைலுக்கு அங்கால இருந்து குறை கண்டுபிடிச்ச மனிசன்" என்றார்.

ஜெசிந்தா மீனை வாங்கி வைத்தாள்.

"பிளக்கைக் கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டேன்.

சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தந்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். வலது பக்கத்தது வெறும் வெள்ளை. இடது பக்கத்தின் வெள்ளையில், ஊசி முனையளவாக நாலைந்து வெள்ளிப் புள்ளிகள் மின்னின. அது பிஸ்டனின் அலுமினியம். பிஸ்டன் உருகத் தொடங்கித் தெறித்தது. கரையில் ஓடிய அந்தச் சில நிமிடங்களிலேயே.

ஜெசிந்தா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. "நான் தேத்தண்ணி சொல்லிப்போட்டு வாறன்" என்று வெளியே போனாள். தேநீர் சொல்ல அவள் ஒருநாளும் வெளியே போவதில்லை.

நான் உருப்பெருக்கியை மனோகரனிடம் கொடுத்தேன்.

"இந்தப் புள்ளியளைப் பாருங்கோ. இது உங்கட பிஸ்டன். உருகித் தெறிச்சிருக்குது. இன்னும் ரெண்டு மூண்டு கிலோமீற்றர் ஓடியிருந்தால் நிண்டிருக்கும்."

அவர் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"குளிராலையோ?"

"இல்லை. என்னால. பழசில இருந்தது 240. அதைக் கண்டும் நான் 210 போட்டன். பிளக் கறுப்பா இருந்தது எனக்குப் பொறுக்கேல்லை. போன்ல உங்களுக்குச் சின்ன மாற்றம் எண்டு சொன்னன். சின்ன மாற்றம் இல்லை. நான் விட்ட பிழையைத் திருத்தினது."

அவர் உருப்பெருக்கியைக் கீழே வைத்தார். வெளியே ஒரு பஸ் போனது. மீனைச் சுற்றியிருந்த கடதாசியின் ஒரு மூலையைப் பிரித்து, திரும்ப மடித்தார். அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தேன். போயிருந்தால் நியாயமும்தான்.

"அண்ணையை ஏத்திக்கொண்டல்லோ போக இருந்தனான்" என்றார் கடைசியில்.

"ஓம்."

"இதை நீங்கள் சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஓம்."

பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்து, சட்டைப்பையில் இருந்து ஒரு கடதாசித் துண்டையும் பேனையையும் எடுத்தார்.

"வாற மாசம் அவர் திரும்பப் போகப் போறார். இந்தமுறை தனிய. மறிச்சாலும் கேக்கமாட்டார். சரியான ஜெட்டை அனுப்பப் போறன். என்ன நம்பர் எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும்."

எண் என் நாக்கில் இருந்தது. சொல்லவில்லை.

"அங்க ஆகக் குறைஞ்சது எவ்வளவு குளிர் வரும்?" என்று கேட்டேன்.